பெயர்ப் பட்டியல்

கல்வியைக் காசுக்குக் கற்பிக்கலாமா? இது பழைய கேள்வி. கூலி வாங்கி வேதம் சொல்லிக்கொடுப்பவனையும் கூலி கொடுத்துக் கற்றவனையும் சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர் வரிசையில் வைக்கிறது மனுஸ்மிருதி. பிழைப்புக்கு மட்டுமே கல்வியை வைத்திருப்பவன் அறிவை விற்கும் வணிகன் என்று காளிதாசரின் மாளவிகாக்னிமித்திரத்தில் ஒரு பேச்சு வருகிறது.

அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தேன். ஆரம்ப காலத்தில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டு, சம்பள ரூபாயை எண்ணி வாங்குவோம். தானத்தில் சிறந்தது கல்விதானம் என்று சொல்லி வளர்த்த அப்பாவின் முகம் அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். நான் தானம் செய்கிறேனா, விற்கிறேனா?

பதில் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் 1991-92 கல்வியாண்டிலிருந்து தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது. எங்கள் பள்ளியில் தமிழ்வழிக்கு அரசுச் சம்பளம்; பிறகு வந்த ஆங்கிலவழி சுயநிதிப் பிரிவு. அங்கே கணக்கு எடுத்த, நான் தங்கச்சி என்று கூப்பிடும் டீச்சரும் என்னைப் போலவே பி.எஸ்சி., பி.எட். நடத்தியதும் அதே பைதாகரஸ் தேற்றம்தான். வாங்கியது என் சம்பளத்தில் கால்வாசிகூட இல்லை.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள். ஃபீஸ் கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலை ஆபீஸிலிருந்து அவளிடம் கொடுத்தனுப்பினார்கள். ஒன்பதாம் வகுப்பில் அவள் அதை வாசித்தது பக்கத்து வகுப்பிலிருந்த எனக்குக் கேட்டது. நாலு பேர் எழுந்தார்கள். ஒரு பையன் மட்டும் உடனே வெளியே வரவில்லை. கவராயம், பாகைமானி, மூலைமட்டம் என்று ஒவ்வொன்றாக ஜியோமெட்ரி பாக்ஸில் அடுக்கி, மூடி, பையில் வைத்துவிட்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றான். மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. “அந்த ஃபீஸ்லதான்க்கா எனக்குச் சம்பளம்” என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் 31 ஆண்டுகளில் எந்தப் பிள்ளையின் அப்பா எவ்வளவு கட்டினார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் பணம் வராதபடி கருவூலம் தடுத்து நின்றது. அரசு எனக்குச் சம்பளம் கொடுத்ததால்தான் நான் கற்பித்தது அந்தப் பிள்ளைகளுக்குத் தானமாகப் போய்ச் சேர்ந்தது. தங்கச்சிக்கும் என் அளவு மனசு இருந்தது. அவளுடைய கல்வியை விற்பனையாக்கியது அவளுக்குப் படியளந்த முறைதான்.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டு, 340 மாணவர்களையும் 14 ஆசிரியர்களையும் குறித்து, ஆளுக்குத் தினமும் இத்தனை நெல் என்று வகுத்திருக்கிறது. ஆனால் அது வேதம் ஓதும் உரிமை பெற்ற சிலருக்கான கல்லூரி. அதே ஏற்பாடு ஊரில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் வந்து சேரத் தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆயின; வந்ததும் முழுமையாக வரவில்லை. தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொன்ன கோத்தாரி குழுவின் அறிக்கை 1966இல் வந்தது. அந்த அளவை நாம் இன்னும் எட்டவில்லை. 2012இல் ஓவியம், தையல், உடற்கல்விக்கென்று அரசுப் பள்ளிகளில் எடுத்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு அப்போது மாதம் 5,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் மே மாதத்துக்கு அதுவும் கிடைக்கவில்லை. அரைவயிற்றோடு நிற்பவரிடம் கல்விதானத்தின் பெருமை பேசுவது பாவம்.

முழுச் சம்பளம் வாங்கியவர்களுக்கும் ஒரு கடன் உண்டு. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டும் கூலிக்காரம்மாவின் காசும் அந்தக் கருவூலத்தில் கிடக்கிறது. மணி அடித்த பிறகும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிஷமும் அவளிடமிருந்து எடுத்தது. என் கணக்கிலும் அப்படிச் சில நிமிஷங்கள் இருக்கின்றன.

பட்டியலை வாசிக்கும் நிலைக்கு எந்த ஆசிரியரையும் தள்ளாத ஊரில், கூலி பெரிதா தானம் பெரிதா என்ற கேள்விக்கே வேலையில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடுவது வருகைப் பதிவுக்கு மட்டும் போதும். கூப்பிட்டதும் பிள்ளை “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லி உட்கார வேண்டும்.