தோற்றவர்களின் கடவுள்

தீர்த்தமலைக்கு நான் போவது சாமி கும்பிடுவதற்காக மட்டும் அல்ல. படியேறிக் களைத்து, பாறை உச்சியிலிருந்து தாரையாக விழுகிற ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு, ஈரத் துண்டோடு ஓரமாக உட்கார்ந்தால் மனசு தானாகப் பேச ஆரம்பிக்கும். இந்தத் தடவை என்னோடு வந்த நண்பரும் அப்படித்தான் பேச ஆரம்பித்தார்.

அவர் அரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். பரம்பரைக் கிறிஸ்தவர். மலைக்கு வருவது காற்றுக்காகவும் எனக்காகவும்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கதை எழுதறவரு, ஏதாவது பதில் வெச்சிருப்பீங்க" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய பெண், பதினாலு வயசு, மாவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓடினாள். ஓடுவதற்கு முன் முழந்தாளிட்டு ஜெபித்தாள். நாலாவதாக வந்தாள். அன்றிரவு சாப்பிடாமல் படுத்தவள் கேட்டாளாம்: "ஜெமிமா அக்கா ஜெபிச்சப்ப இயேசு கேட்டாரே, நான் ஜெபிச்சதை ஏம்ப்பா கேக்கலை?"

ஜெமிமா ரோட்ரிக்ஸ் யாரென்று கிரிக்கெட் பார்க்காத வாசகர்களுக்கும் தெரிந்திருக்கும். 2025 அக்டோபர் 30ஆம் தேதி நவி மும்பையில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியா 338 ஓட்டங்கள் எடுத்தது. பெண்கள் ஒருநாள் ஆட்டங்களில் அவ்வளவு பெரிய இலக்கை அதுவரை யாரும் எட்டியதில்லை. ஜெமிமா கடைசி வரை ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்து இந்தியாவைக் கரையேற்றினார். அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி சொன்னார். தன்னால் தனியாக இதைச் செய்திருக்க முடியாது என்றார். கடைசி நேரத்தில், அசையாமல் நின்றால் கடவுள் தனக்காகப் போராடுவார் என்ற வேத வசனத்தையே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

இயேசுவின் பெயரைச் சொன்னதற்காக அவரை ஏசியவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஒருவர் தம் கண்ணீரை எந்தச் சந்நிதியில் சிந்தினால் நமக்கென்ன?

ஆனால் நண்பரின் மகள் கேட்டது வேறு. ஜெமிமா 82 ஓட்டங்களில் இருந்தபோது ஆஸ்திரேலியக் காப்டன் ஹீலி ஒரு பந்தைப் பிடிக்காமல் நழுவவிட்டார். ஜெமிமாவைத் தாங்கிய கைதான் ஹீலியின் விரல்களைத் தட்டிவிட்டதா? மூன்று நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கக் காப்டன் லாரா வோல்வார்ட் 101 ஓட்டங்கள் எடுத்தும் அவருடைய அணி 52 ஓட்டங்களில் தோற்றது. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு அது. அன்று அங்கே எத்தனை வீடுகளில் ஜெபம் செய்திருப்பார்கள்! ஒரே தகப்பனிடம் இரண்டு பிள்ளைகள் ஒரே பண்டத்துக்குக் கை நீட்டுகிறார்கள். அவர் என்ன செய்வார்?

இதில் கிறிஸ்தவர்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. என் நாவல் ஒன்றுக்குப் பரிசு கிடைத்தபோது பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தேன். அந்தப் பரிசை எதிர்பார்த்து ஏமாந்த இன்னொருவர் வீட்டுத் தெருமுனையிலும் ஒரு பிள்ளையார் இருந்திருப்பார் என்பது காயை ஓங்கிய கைக்குத் தோன்றவில்லை.

நன்றி வேறு, பாத்தியதை வேறு. 'எனக்குக் கொடுத்தாய்' என்பது நன்றி. 'என் பக்கம் நின்றாய்' என்றால், எதிரே நின்றவளைக் கைவிட்டாய் என்றும் சொன்னதாகிவிடுகிறது. முதல் வார்த்தையிலிருந்து இரண்டாவதற்கு வழுக்கி விழ ஒரு கணம் போதும்.

நண்பரிடம் எரிக் லிடெலின் கதையைச் சொன்னேன். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று தமக்குப் பழக்கமான 100 மீட்டரை விட்டுக்கொடுத்த ஸ்காட்லாந்துக்காரர். பிறகு 400 மீட்டரில் 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார்.

"அவரும் ஜெயிச்சவர்தானுங்களே" என்றார் நண்பர். "தோத்திருந்தா இந்தக் கதையை யாரு சொல்லியிருப்பாங்க?"

சரியான இடத்தில் பிடித்துவிட்டார். அந்தத் தங்கத்தைக் கடவுள் கொடுத்த கூலியாக்கித்தான் நாம் கதை சொல்கிறோம். ஆனால் லிடெலின் கதை பாரிஸில் முடியவில்லை. மிஷனரியாகச் சீனாவுக்குப் போனவர், யுத்தத்தில் ஜப்பானியர் வைத்த வெய்ஸியன் முகாமில் அடைபட்டார். முகாமில் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி விளையாடி அடித்துக்கொண்டார்கள். ஒரு ஒலிம்பிக் பந்தயத்தையே ஞாயிற்றுக்கிழமைக்காகத் துறந்த மனிதர், அந்தப் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமையில் நடுவராகப் போய் நின்றாராம். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, மூளைக் கட்டியால் அங்கேயே இறந்தார். வயது 43. கடவுள் ஜெயிப்பவர் பக்கம்தான் என்றால் அந்த முகாமில் லிடெலோடு இருந்தது யார்?

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க ஆண்டவரே ஊர் பார்க்கத் தோத்தவர்தானுங்க" என்றார். "மூணாம் நாள் எழுந்தாரு. ஆனா அந்த வெள்ளிக்கிழமை சிலுவைக்குக் கீழ நின்ன அம்மாவுக்கு அது தோல்வியாத்தானே இருந்திருக்கும்?"

இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த மலைக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. ராவணனை ஜெயித்துவிட்டுத் திரும்பிய ராமன் அந்தக் கொலைப் பாவம் தீர இங்கே ஈசனை வணங்கினான், அபிஷேகத்துக்கு அம்பு விட்டு இந்தத் தீர்த்தத்தை வரவழைத்தான் என்கிறது தலபுராணம். இங்கே ஜெயித்தவன் மாலைக்காக வரவில்லை. கை கழுவ வந்திருக்கிறான்.

படியிறங்கும்போது நண்பர் கேட்டார்: "அப்ப பாப்பா எதுக்குத்தான் ஜெபிக்கறது?"

"ஓடறதுக்கு முன்னால, பயம் போக. ஓடி முடிச்சதும், பக்கத்துல ஓடின பிள்ளைக்காக."

"அது கஷ்டமான ஜெபமுங்க."

கஷ்டம்தான். பரிசு வாங்கி இத்தனை வருஷமாகியும் எனக்கே அது இன்னும் வரவில்லை.