தொட்டியின் அழகும் மீனின் நலனும்

வீட்டுக் கூடத்தின் மூலையில் வைக்கப்படும் கண்ணாடி மீன்தொட்டி ஒழுக்கவியல் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகுமா என்று கேட்போர் இருக்கலாம். அலங்காரத்தையும் மீனையும் ஒன்றுக்கொன்று பொருந்தத் தெரிவுசெய்தல் இரசனை பற்றிய விடயம். அதிற் சரி பிழை காண ஏதுமில்லை என்பது அவர்தம் எண்ணம். ஆயின், தொட்டியை நிறைக்கும் பொருள்களுள் மீன் ஒன்றே நம் தெரிவின் விளைவைத் தன் உடலால் அனுபவிப்பது. தான் சுவாசிக்கும் நீரையோ, ஒதுங்கும் நிழலையோ, உடன்வாழும் அயலாரையோ அது தெரிவுசெய்வதில்லை. ஓருயிரின் உலகம் முழுவதையும் ஆக்கும் அதிகாரம் ஒருவர் கைக்கு வரும்போது ஒழுக்க வினாவும் உடன் வந்துவிடுகிறது.

1850 இல் இலண்டன் இரசாயனவியலாளரான ரொபேட் வாரிங்டன், இரண்டு பொன்மீன்களையும் வலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரே தொட்டியில் வளர்த்த பரிசோதனையை வெளியிட்டார். அழுகிய இலைகளால் நீர் கெடக்கண்டு, அவற்றைத் தின்னும் நத்தைகளையும் சேர்த்துக்கொண்டார். தாவரம் மீனுக்கு ஒட்சிசனைத் தந்தது. மீனின் கழிவு தாவரத்துக்கு உரமாயிற்று. அத்தொட்டியில் அலங்காரம் என்று தனியே எதுவும் இருக்கவில்லை. சில ஆண்டுகளுள் நிலைமை மாறியது. 1854 இல் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூலும் அதனையொத்த பிறவும் கடல்வாழ் உயிர்களை வீட்டில் வைக்கும் மோகத்தை இங்கிலாந்தில் வளர்த்தன. தந்தையின் நூல்களைப் படித்துக் கரைக்குத் திரண்டோர் பாறைக் குளங்களை வெறுமையாக்கிய கொடுமையை, அவருடைய மகன் எட்மண்ட் கொஸ் 1907 இல் வருத்தத்தோடு எழுதினார்.

இனி இவ்வினாவை மன்னார்த் தீவின் தோட்டவெளியில் வைத்து நோக்குவோம். அவ்வூரில் ஒருவர் தொட்டி வைக்க விரும்பினால் அலங்காரத்துக்குக் கடைதேட வேண்டியதில்லை. சிப்பி, சங்கு, வெளுத்த முருகைக்கல் யாவும் கடற்கரையிற் கிடைப்பன. மீன்தான் வெளியிலிருந்து வரவேண்டும். கடையில் ‘செரி பாப்’ என்னும் சிறுமீன் அவர் கண்ணைக் கவர்கிறது எனக் கொள்வோம். 1929 இல் தெரணியகல விவரித்துப் பெயரிட்ட இச்செந்நிற மீன் இலங்கைக்கே உரியது. தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலடர்ந்த ஓடைகளில், உதிர்ந்த இலைகள் படிந்த மென்னீரில் வாழ்வது. வெண்முருகையின் முன்னே செம்மீன் நீந்துதல் காட்சிக்கு இனிதே. ஆனால், முருகைக்கல்லும் சிப்பியும் கல்சியம் காபனேற்றால் ஆனவை. அவை சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் வன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தவல்லன. மீனின் செவுள்களால் வெளியேறும் அமோனியா, நீர் காரமாகுந்தோறும் கூடிய நஞ்சாகிறது. பண்ணையிற் பிறந்த செரி பாப் வன்னீரை ஓரளவு தாங்கும் என்பது உண்மை. எனினும் தாங்குதல் வேறு, நன்கு வாழ்தல் வேறு. ஒளிவிடம் ஏதுமற்ற வெண்தளத்தில் அம்மீன் அஞ்சி ஒடுங்கி, எந்த நிறத்துக்காக வாங்கப்பட்டதோ அந்த நிறமும் மங்கிநிற்கும்.

காலம் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியின் மணலிலும் கல்லிலும் போதிய அளவு பெருகப் பல வாரங்கள் செல்லும். நத்தாருக்கு முதல்நாள் தொட்டியை அலங்கரித்து அன்றே மீனை விட்டால், விருந்தினருக்குக் காட்சி கிடைக்கும்; மீனுக்குத் தன் கழிவே கலந்த நீர் கிடைக்கும்.

அலங்காரமே முதல் என்னும் நோக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தெற்காசிய நீர்நிலைகளுக்குரிய கண்ணாடிமீன் சான்று. உள்முள் தெரியும் அதன் உடலில் ஊசியால் நிறச்சாயம் ஏற்றி விற்கும் வழக்கம் வணிகத்தில் தோன்றியது. சாயம் நாளடைவில் மங்கிவிடும்; ஊசிப்புண்ணால் நோயுற்று மடிவனவும் உண்டு. இங்கு மீனின் உடலே அலங்காரத் தளமாகிவிட்டது. வண்ணத்துப்பூச்சி மீன்களுட் சிலவற்றின் கதி இதனினும் கொடிது. உயிருள்ள முருகையையன்றி வேறெதனையும் பெரும்பாலும் உண்ணாத அவை, அலங்காரமாக வைத்த இறந்த முருகையின் எதிரிலேயே பட்டினியால் மாளும். முருகைக்கல் அகழ்தலை இலங்கைச் சட்டம் தடைசெய்கிறது. இந்தியாவும் 2001 இல் கல்முருகைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. சட்டம் பாரைக் காக்கலாம். தொட்டிக்குள் வந்துவிட்ட மீனுக்கு வளர்ப்பவரையன்றி வேறு காவலில்லை.

மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்று 1785 இல் எழுதிய இம்மானுவேல் கான்ற், விலங்குகளை அவ்வரம்புக்குள் சேர்க்கவில்லை. நான்கு ஆண்டுகளின் பின் வெளிவந்த பெந்தாமின் நூலோ, துன்புறும் இயல்பையே அளவுகோலாக்கியது. மீனில் நோவுணர் நரம்புகள் உள்ளமையை லின் சினெடனும் உடனாய்வாளரும் 2003 இல் எடுத்துக்காட்டினர். அது நோவை நம்மைப்போல் உணர்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும், இங்கு எழக்கூடிய வலிய தடை மேனாட்டு அறிஞரிடமிருந்து வருவதன்று. பேசாலையிலும் தலைமன்னாரிலும் வலைநிறைய மீன் கரையேறும் தீவில், தொட்டியில் நீந்தும் நாலு மீனுக்காக இத்துணைக் கவலையா என மீனவர் ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. கடலில் வலைவீசுபவர் அம்மீனின் வாழ்வுக்கு ஒருபோதும் பொறுப்பேற்றவரல்லர். அது தன் கடலில் தன் போக்கில் வாழ்ந்தது. உணவுக்காகப் பிடித்தல் சரியா என்பது வேறொரு வழக்கு. தொட்டி வைப்பவரோ வாழ்விப்பேன் என்று மீனை எடுத்தவர். அவர் கடமை மீனின் தகுதியிலிருந்து மட்டும் பிறப்பதன்று. அவர் தாமே ஏற்ற செயலிலிருந்து பிறப்பது.

சமநிலை என்னும் சொல் இருதட்டுத் தராசை நினைவூட்டி ஈண்டு நம்மை மயக்குகிறது. பாதி அழகு, பாதி நலன் என்று பங்கிடுதல் இயலாது. முதலில் கிணற்று நீர், அடுத்து அந்நீரில் நன்கு வாழும் மீன், அதன்பின் அம்மீனுக்கு வேண்டும் தளமும் மறைவும், இறுதியில் எஞ்சும் இடத்திலேயே நம் இரசனை என்பதே முறை. இரசனை அற்பமானது என்று கூற வரவில்லை. பார்க்க இன்பந்தராத தொட்டியின் நீரை வாரந்தோறும் மாற்றுவோர் அரியர். செரி பாப்புக்கு உவந்த தொட்டி இலைபடிந்து பழுப்புநீரோடு இருக்கலாம். அதனை அழகெனக் காணப் பழகாதவர் அம்மீனை வாங்காது விடுதல் நன்று.

தோட்டவெளிக்காரர் தம் கரைச் சிப்பிகளை ஒதுக்கத்தான் வேண்டுமென்பதுமில்லை. வன்னீருக்கும் சற்றே உவர்ந்த நீருக்கும் உவந்த மொலி மீன் உண்டு. கப்பியும் வன்னீரில் நலமே வாழும். இலங்கையின் களப்புகளிலும் தென்னிந்தியக் கழிமுகங்களிலும் வாழும் செம்மஞ்சள் குரோமைட்டு, பெருக்கக் காலத்தில் மணலிற் சிறு குழிகள் தோண்டிக் குஞ்சுகளை அவற்றில் வைத்துக் காக்கும். தாயும் தந்தையும் மாறி மாறிக் காவல்நிற்கும். அப்போது அவர் அழகுற நிரவிய மணற்றளம் குலைந்துபோகும். ஓரத்தில் அடுக்கிய சிப்பிகளும் சரியலாம். குஞ்சுகள் தாமாக நீந்தித் திரியும்வரை அக்குழிகளை நிரவாது விட்டுவைத்தல் வேண்டும்.