மர்லின் மன்றோவின் உடைமைகள் யாருக்கு?

1961 ஜனவரியில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ உயில் எழுதியபோது அவருக்கு வயது 34. மனநலம் குன்றியிருந்த தாய் கிளாடிஸின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் ஒதுக்கினார். துணிமணிகளையும் சொந்தச் சாமான்களையும் தன் நடிப்பு ஆசான் லீ ஸ்ட்ராஸ்பெர்க்குக்கு விட்டுச் சென்றார். நண்பர்களுக்கும் உடன் வேலை செய்தவர்களுக்கும் தனக்குப் பிரியமானவர்களுக்கும் அவர் பார்த்து அவற்றைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்ற தன் ஆசையையும் அதே பத்தியில் சேர்த்திருந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மன்றோ இறந்தார். சாமான்களில் பெரும்பகுதி பகிரப்படாமலே கிடந்தது. 1982இல் ஸ்ட்ராஸ்பெர்க்கும் இறந்த பிறகு அவை அவர் மனைவி அன்னாவின் கைக்கு வந்தன. அவர்களின் திருமணம் நடந்ததே மன்றோ மறைந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான். 1999 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அவற்றை இரண்டு நாள் ஏலம் விட்டது. சேர்ந்த தொகை சுமார் 1.34 கோடி டாலர்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. பகிர்வதை உயிலே ஸ்ட்ராஸ்பெர்க்கின் முடிவுக்கு விட்டிருந்தது. பொருள் அவருடையதாகிவிட்டது, அவருக்குப் பின் வாரிசுக்கு. ஆனால் அறத்தின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. உயிரோடிருப்பவர் தன் பேச்சு மதிக்கப்படவில்லையென்றால் வந்து கேட்பார், வழக்குப் போடுவார். இறந்தவருக்கு அந்த வழி கிடையாது. நம்பி ஒப்படைத்தவர் கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டார் என்பதாலேயே அவருடைய ஆசைக்குக் கூடுதல் கனம் உண்டு. காகிதத்தில் உரிமை மாறிவிட்டதால் மட்டும் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

அந்த ஏலத்தில் வந்த ஒரு பியானோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை நிறம், சிறிய அளவு. மன்றோவின் சிறுவயதில் அவர் தாய் வாங்கியது. தாயை மனநல மருத்துவமனையில் சேர்த்ததும் வீட்டுச் சாமான்களோடு அதுவும் விலைபோனது. குழந்தை அநாதை இல்லத்திலும் வளர்ப்பு வீடுகளிலுமாக வளர்ந்தது. நடிகையாகிச் சம்பாதிக்கத் தொடங்கியபின் மன்றோ அதே பியானோவைத் தேடிப்பிடித்து வாங்கினார், கடைசிவரை வைத்திருந்தார். ஒரு பொருள் கைமாறிப் போவது என்றால் என்ன என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஏலக்கூடத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. பாடகி மரையா கேரி அதை 6,62,500 டாலருக்கு எடுத்தார். கேரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மன்றோவின் மீது பிரியம் வைத்தே வாங்கினார். குறை, அவர் வாங்கும் நிலைக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மீதுதான்.

ஏலமே கூடாது என்று சொல்லிவிடவும் முடியாது. 1970இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோ தன் உடைகளையும் அரங்கப் பொருள்களையும் தள்ளிவிட்டபோது நடிகை டெபி ரெனால்ட்ஸ் அவற்றை வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். ‘தி செவன் இயர் இச்’ படத்தில் மன்றோ அணிந்த வெள்ளை உடையும் அவரிடம் வந்து சேர்ந்தது. அருங்காட்சியகம் கட்ட வேண்டும் என்று பல பத்தாண்டுகள் முயன்று முடியாமல், 2011இல் அவரும் ஏலத்துக்கே போனார். அந்த உடை 46 லட்சம் டாலருக்குப் போனது. அவர் காசு போட்டு வாங்காதிருந்தால் அவற்றில் பல குப்பைக்குப் போயிருக்கும். நடிகை ஆட்ரி ஹெப்பர்னுக்காகத் தைத்த கறுப்பு உடை ஒன்றை வடிவமைப்பாளர் ஜிவான்ஷியே நன்கொடையாகத் தர, 2006இல் லண்டனில் அது 4,67,200 பவுண்டுக்கு விற்றது. பணம் வங்காளத்து ஏழைகளுக்காக எழுத்தாளர் தொமினிக் லாப்பியேர் நடத்திவந்த அறப்பணிக்குச் சென்றது. இதில் எவருடைய சொல்லும் மீறப்படவில்லை. படத்துக்காகத் தைத்த உடையும் எழுதிய வசனப் பிரதியும் ஊர் பார்ப்பதற்காகவே உண்டானவை. அவை இன்னொரு கைக்குப் போவதில் நடிகருக்கு அவமானம் ஏதுமில்லை.

ஆனால் வாங்கியவருக்கும் கடமை உண்டு. 1962 மே மாதம் அதிபர் கென்னடிக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடியபோது மன்றோ அணிந்த உடை, 1999இல் சுமார் 12.6 லட்சம் டாலருக்கும் 2016இல் 48 லட்சம் டாலருக்கும் விற்றது. 2022இல் அதை வைத்திருந்த ரிப்ளீஸ் நிறுவனம், மெட் காலா விருந்துக்கு அணிந்து செல்ல தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியனுக்கு இரவல் கொடுத்தது. உடை சேதமாயிற்றா என்ற சர்ச்சை எழுந்தது. இல்லை என்றது நிறுவனம். வரலாற்று உடையை யாருமே அணியக் கூடாது என்று உலக அருங்காட்சியகங்களின் பேரவை அறிவித்தது. பேரவை சொன்னதே சரி. அறுபது ஆண்டுப் பழைய மெல்லிய துணி, இன்னோர் உடலின் அளவுக்கு ஒற்றையாகத் தைத்தது. வாங்கிவிட்டோம் என்பதால் அதைப் பணயம் வைக்கும் உரிமை வந்துவிடாது.

எந்த விவாதத்துக்கும் இடமில்லாத இன்னொரு வகை இருக்கிறது. 1954இல் மருத்துவமனையில் மன்றோவுக்கு எடுத்த மார்பு எக்ஸ்ரே படங்கள் 2010இல் லாஸ் வேகாசில் 45,000 டாலருக்கு விற்றன. சிகிச்சைக்காக மருத்துவரை நம்பி உடலைக் காட்டிய ஒரு பெண்ணின் உள்ளுடம்பு அது. அதில் சினிமாவும் இல்லை, கலையும் இல்லை. அடுத்த முறை யாராவது இப்படியொரு படத்தை எடுத்து வந்தால் ஏல நிறுவனம் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எந்தப் பொருளை ஏலப் பட்டியலில் ஏற்றுவது என்று இன்றும் முடிவு செய்பவர்கள் அவர்கள்தான்.