வல்லத்துக்காரர் பிறந்த மண் இது

கல்லூரிக் கணிதத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறதா? நிமிர்ந்து உட்கார். உன்னோடுதான் பேசுகிறேன்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், எந்த ஊராகவும் இருக்கட்டும். பிளஸ் டூ முடிக்கப்போகிற பிள்ளையின் காதில் யாராவது ஒருவர் இதை ஓதிவிடுகிறார்: "இன்ஜினியரிங்ல எம்-ஒன் பேப்பர்ல அரியர் விழாம தப்பிச்சவன் கிடையாது. அதுவும் நீ தமிழ் மீடியம்." சொன்னவர் போய்விடுவார். அந்தச் சொல் மட்டும் உனக்குள் குடியேறிவிடும். அதை இன்றே வெளியே துரத்து!

பள்ளியில் படிக்கும் நுண்கணிதம் கல்லூரிக் கணிதத்துக்கு ஒருவரைத் தயார்ப்படுத்துமா என்பது உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. நம் ஊர்க் கதையிலிருந்தே பதிலைத் தொடங்கலாம். 1978-இல் மேல்நிலை வகுப்பு வருவதற்கு முன், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பதினோராம் வகுப்போடு பள்ளியை முடித்துவிட்டுக் கல்லூரியில் புகுமுக வகுப்பான பி.யூ.சி. சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வகையிடல், தொகையிடல் என்ற சொற்களையே கல்லூரி வாசலைத் தாண்டிய பிறகுதான் கேட்டார்கள். அவர்களிலிருந்து பொறியாளர்கள் வந்தார்கள், பேராசிரியர்கள் வந்தார்கள், விஞ்ஞானிகள் வந்தார்கள். ஆகவே, பள்ளியில் நுண்கணிதம் சரியாகப் பிடிபடவில்லை, வாழ்க்கையே போயிற்று என்று தலையில் கைவைக்காதே. அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் பிலிப் சாட்லரும் கெர்ஹார்ட் சோன்னெர்ட்டும் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் 133 கல்லூரிகளில் நுண்கணிதம் படித்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை எடுத்துக்கொண்டு, பள்ளியில் எது இவர்களுக்குக் கைகொடுத்தது என்று பார்த்தார்கள். இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல், சார்புகள் போன்ற அடிப்படைகளில் பெற்ற தேர்ச்சி, பள்ளியில் நுண்கணிதம் படித்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக உதவியிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது, இதை நன்றாகக் கேட்டுக்கொள்: பள்ளி நுண்கணிதத்தால் அதிகப் பலன் அடைந்தவர்கள், அடிப்படையில் பின்தங்கியிருந்த மாணவர்கள்தான்! பின்வரிசையில் உட்கார்ந்து, இந்தப் பாடம் நமக்கில்லை என்று ஒதுங்குகிறாயே, அந்தப் பாடம் முதலில் உனக்குத்தான்.

அப்படியானால் பிளஸ் டூவில் சென்டம் வாங்கியவர்களே முதல் செமஸ்டரில் ஏன் தடுமாறுகிறார்கள்? பல ஆண்டுகளாக நடந்ததைச் சொல்கிறேன். எல்லை, தொடர்ச்சித்தன்மை, வகையிடல், தொகையிடல் என நுண்கணிதத்தின் வேர் முழுவதும் பதினோராம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. பன்னிரண்டில் வருவதெல்லாம் அதன் பயன்பாடுகள். பொதுத்தேர்வு பன்னிரண்டுக்குத்தான் என்று பல பள்ளிகள் பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதித்தன. பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வந்துவிடும். பத்து மதிப்பெண் கேள்விகளைப் பாடம் பாடமாக எழுதிப் பார்த்து, கை பழகிப் போகும். ஒரு எல்லை ஏன் இருக்கிறது, எப்போது இல்லாமல் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது மறுபடி நீக்கப்பட்டுவிட்டது. மாணவர்களின் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தம்பி, தங்கையே, பொறுப்பு இப்போது உன் தோளுக்கு வந்துவிட்டது. பதினோராம் வகுப்பை யாரும் உன்னிடம் பொதுத்தேர்வு வைத்துக் கேட்கப்போவதில்லை. கல்லூரி கேட்கும்! குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாலும் சரி, சென்னையில் பொறியியல் சேர்ந்தாலும் சரி, முதல் ஆண்டிலேயே கேட்கும்.

மனப்பாடம் செய்த சூத்திரத்துக்கும் புரிந்துகொண்ட சூத்திரத்துக்கும் உள்ள தூரத்தை உனக்குக் காட்ட வேண்டும். சீசன் நேரத்தில் குற்றாலப் பேரருவிக்குப் போ. பொங்குமாங்கடலிலிருந்து பொங்கி விழும் தண்ணீரில் ஒரே ஒரு துளியைப் பிடித்துக்கொள். காற்றின் தடையை விட்டுவிடுவோம். அது ஓய்விலிருந்து விழத் தொடங்கினால், t நொடியில் 4.9 t² மீட்டர் இறங்கியிருக்கும். சரியாக முதல் நொடி முடிகிற அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன? கணம் என்றால் நேரமே நகரவில்லை, தூரமும் நகரவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பதா? இங்கேதான் மனித மூளை முட்டிக்கொண்டு நின்றது. கணக்கைப் போடு. 1 நொடியிலிருந்து 1.1 நொடி வரை சராசரி வேகம் நொடிக்கு 10.29 மீட்டர். 1.01 வரை என்றால் 9.849. 1.001 வரை என்றால் 9.8049. எங்கே போய்க்கொண்டிருக்கிறது பார்! 9.8-ஐ நெருங்குகிறது, நெருங்கிக்கொண்டே இருக்கிறது, நீ எவ்வளவு பக்கத்தில் கேட்டாலும் அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது. எல்லை என்பது இதுதான். பி.எஸ்சி.யில் எப்சிலான், டெல்டா என்று பலரை மிரட்டும் பாடம், இந்த நெருக்கத்தைப் பிசிறில்லாமல் சொல்லும் முறை. இந்த நான்கு வரிக் கணக்கைச் சொந்தக் கையால் போட்டவன் அந்த வகுப்பில் மிரள மாட்டான்.

தமிழ் மீடியம் என்று குறுகிப் போகிறவனுக்கு ஒரு செய்தி. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே சங்கமகிராம மாதவர் என்ற அறிஞர், பதினான்காம் நூற்றாண்டிலேயே, முடிவில்லாத தொடர்களைக் கூட்டிப் பை-யின் மதிப்பைக் கண்டார், சைன், கோசைன் தொடர்களைக் கண்டார். நியூட்டனும் லைப்னிட்சும் அப்போது பிறக்கவே இல்லை. அந்த மரபில் வந்த ஜேஷ்டதேவர், ஏறக்குறைய 1530-இல், 'யுக்திபாஷா' என்ற நூலில் அந்த முடிவுகளுக்கெல்லாம் நிரூபணம் எழுதினார். எந்த மொழியில்? மலையாளத்தில்! ஊர் பேசும் மொழியில்! உலகின் மிக நுட்பமான கணிதச் சிந்தனைகளில் ஒன்று நம் பக்கத்து மண்ணில், தாய்மொழியில், ஏன் என்ற கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் யோசிக்கிறேன் என்று நீ எதற்காக வெட்கப்பட வேண்டும்? தமிழிலேயே யோசி. ஆங்கிலக் கலைச்சொற்களை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வா. சொற்கள் ஒரு செமஸ்டரில் பழகிவிடும். யோசிக்கப் பழகாதவனுக்குத்தான் எந்தச் சொல்லும் உதவாது.

மலை தாண்டிப் போக வேண்டாம், உன் வாசலுக்கே வருகிறேன். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் இருக்கிறதே, அங்கே 1901 ஏப்ரல் 5 அன்று ஒரு குழந்தை பிறந்தது. ஒரு வயதில் தாய் போனார். பள்ளியின் கடைசி ஆண்டில் தகப்பனும் போனார். அந்தப் படிப்பு அறுந்துபோகாமல் தாங்கிப் பிடித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அந்தப் பையன் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் படித்தான், திருவனந்தபுரத்தில் பட்டம் வாங்கினான், 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன் ஆனான். 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அவர்தான் எஸ். எஸ். பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எண் கோட்பாட்டில் உலகம் இன்றும் உச்சரிக்கும் பெயர். உன் பள்ளிச் சுவரில் அந்தப் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் நீ எழுது!

அவர் செய்ததில் ஒன்றை உன்னால் இப்போதே தொட்டுப் பார்க்க முடியும். 703 என்ற எண்ணை ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுது. 1-இன் ஆறாம் அடுக்கு 1, 2-இன் ஆறாம் அடுக்கு 64, 3-இன் ஆறாம் அடுக்கு 729. அந்த 729 பெரிது, வேண்டாம். 64-ஐப் பத்து முறை எடு, 640. மிச்சம் 63-க்கும் ஒன்றுகள்தான். மொத்தம் 73 எண்கள், அதற்குக் குறைவாக முடியவே முடியாது. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது. ஆனால் 73-க்கு மேல் தேவைப்படும் எண் ஒன்றுகூட இல்லை, எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் 73 போதும் என்று யார் சொல்வது? எண்களுக்கு முடிவில்லையே! 1940-இல் அதை நிரூபித்தவர் நம் வல்லத்துக்காரர். அதற்கு அவருக்கு நுண்கணிதத்தின் மேல் எழுந்த பகுப்பாய்வு முறைகள் வேண்டியிருந்தன. அவர் பள்ளிக்குப் போன காலத்தில் பள்ளி வகுப்பில் நுண்கணிதம் கிடையாது. வேண்டும் என்றபோது கற்றுக்கொண்டார், கற்றதை ஆயுதமாக்கினார். பிரின்ஸ்டனில் ஓராண்டு பணியாற்றவும் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டில் கலந்துகொள்ளவும் கிளம்பியவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் மறைந்தார். வயது 49. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர இந்த மாவட்டத்தில் ஆள் இல்லையா? இருக்கிறாய், நீ இருக்கிறாய்!

எனவே பதினோராம் வகுப்புப் புத்தகத்தை எடு. ஏற்கெனவே தாண்டி வந்துவிட்டாயா, திரும்பிப் போ, அதில் அவமானம் இல்லை. சார்பு என்றால் என்ன என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் படி. காரணிப்படுத்துவதில் கை தடுமாறினால் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்கும் போ. ஒவ்வொரு சார்புக்கும் வரைபடம் போடு, கால்குலேட்டர் இல்லாமல் போடு. எந்தச் சூத்திரத்தையும் அது எப்படி வந்தது என்று ஒருமுறையாவது எழுதிப் பார்க்காமல் பயன்படுத்தாதே. ஆசிரியர் ஓடினால் கையைத் தூக்கி நிறுத்து. "ஏன் சார்?" "ஏன் டீச்சர்?" வகுப்பு சிரித்தால் சிரிக்கட்டும். நீ கேட்டதால் நாற்பது பேருக்கும் விளங்கும்.

இன்று இரவுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்தடுத்து வரும் பதினாறு எண்களை எங்கிருந்து எடுத்தாலும், அந்த வரிசையின் மற்ற எல்லா எண்களோடும் 1 தவிர வேறு பொதுக்காரணி இல்லாத ஓர் எண் அதற்குள் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிரூபித்தார். பதினேழு என்றால் அது உடைந்துபோகும். 2184 முதல் 2200 வரை எழுது. ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த வரிசைக்குள்ளேயே ஒரு கூட்டாளி இருக்கிறது. 2189-க்கு யார் கூட்டாளி? 2197-க்கு யார்? கண்டுபிடி. பிறகு, பதினாறில் ஏன் இது நடக்காது என்று யோசிக்கத் தொடங்கு.