சரீரத்தை அறியத் தொடங்குவோர்க்கு



கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, அதைக் கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டோ என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஆண்டவர் இப்படிப் போதித்ததை வைத்தியராகிய அர்ச். லூக்காஸ் தம் சுவிசேஷத்தில் எழுதி வைத்தார். மனித சரீரத்தைப் பற்றிய கல்லூரிப் பாடத்தைக் கைபேசியில் தொடங்க நினைக்கும் நம் வாலிபருக்கு இந்த உவமை நன்றாய்ப் பொருந்தும்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முறையில் உழைக்கிறவர்களும், அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களும் நம் நடுவே அநேகர். கல்லூரி வாசலைத் தேடிப்போக அவர்களுக்கு நேரம் ஏது? 2017-ம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம், உயிரியல் உள்ளிட்ட பல பாடங்களை வீட்டுக்கே கொண்டுவருகிறது. படிக்கக் கட்டணம் இல்லை. பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெறவே கட்டணம்.

“நாங்கள் என்ன டாக்டராகப் போகிறோமா?” என்று கேட்பீர்கள். நம் சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயம் என்று அர்ச். சின்னப்பர் கற்பித்தாரே, ஆலயத்தைக் காக்கிறவனுக்கு அதன் அறைகள் தெரிய வேண்டாமோ? பிரஸ் ஷாப்பில் காதை மூடாமல் நிற்கும் சகோதரனே, உன் உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் உண்டு. பேரிரைச்சலில் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. இரவு ஷிப்டு பார்க்கும் சகோதரியே, இரவும் பகலும் அறிந்து நடக்கும் கடிகாரம் ஒன்று உன் உயிரணுக்களுக்குள் ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. பகலில் படுத்தும் உறக்கம் வராதது உன் குற்றமல்ல. வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை விழிக்கச் சொல்லுகிறது. ஜன்னலுக்குக் கனத்த திரை கட்டிப் படு.

விஞ்ஞானம் விசுவாசத்தைக் கெடுக்குமோ என்று அஞ்சவும் வேண்டாம். டென்மார்க் தேசத்து நிக்கோலாஸ் ஸ்டேனோ, இருதயம் ஒரு தசையே என்று 17-ம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். அவரே 1667-ல் கத்தோலிக்கரானார், 1677-ல் மேற்றிராணியாரானார், 1988-ல் முத்திப்பேறு பட்டம் பெற்றார்.

இனிக் கணக்குப் பார்ப்போம். அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. கலாசாலைகள் நடத்திய இணையவழிப் பாடங்களில் 2017-18-ல் சேர்ந்தவர்களில், நூற்றுக்கு ஏறக்குறைய மூவரே முடித்தார்கள் என்று 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. செலவில்லாமல் சேர்ந்ததை விட்டுவிட மனம் கூசுவதில்லை அன்றோ? ஆகையால் சேருமுன் மூன்று காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, எந்த ஷிப்டு வந்தாலும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க முடியுமா? இரண்டாவது, இத்தகைய பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். பதினோராம் வகுப்பு விலங்கியல் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வீர்களா? செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு எல்லாம் அதில் வரிசையாய் உண்டு. மூன்றாவது, கூடப் படிக்க ஒருவர் உண்டா? அவர் தெலுங்கோ கன்னடமோ பேசும் அடுத்த வீட்டாராயினும் சரியே. தனியே படிக்கிறவன் சோர்ந்தால் எழுப்ப ஆள் இல்லை.

இப்பாடத்தை முடித்தவர் நர்சாகவும் மாட்டார், டாக்டராகவும் மாட்டார். ஆனால் டாக்டர் சொல்வதை விளங்கிக்கொள்ளுவார். போலி வைத்தியனிடம் எளிதில் ஏமாறமாட்டார். தன் வீட்டாருக்கு நல்ல புத்தி சொல்லுவார். இது சிறிய ஆதாயமா?

ஆதலால் பிரியமானவர்களே, இன்று பூசை முடிந்து வீடு போனதும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். முடியும் என்று கண்டால் தாமதியாமல் தொடங்குங்கள். அஸ்திவாரம் போட்டவர்கள் முகடும் வைக்கச் சர்வேசுரன் துணைசெய்வாராக. ஆமென்.