மழை பெய்தால் பாட்டு வருமா?



சென்ற ஐப்பசியில் ஒரு மாலை. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நமது பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் வாலிபன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் புதிய மெட்டு ஒன்று அமைத்துத் தருகிறவன். இப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கிறான்.

"சுவாமி, மழைக்காலம் வந்தால் எனக்குத் தானாகப் பாட்டு வரும். இந்த வருஷம் மழை வந்துவிட்டது, பாட்டு வரவில்லை. நேற்று இரவு மழை பெய்ததே எனக்குத் தெரியாது. காலையில் வெளியே வந்து வண்டியின் சீட்டு நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்" என்றான்.

"ஜெபம் செய், வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது அவசரத்தில் சொன்ன பதில் என்று பிறகு உணர்ந்தேன். பருவமும் வெளிச்சமுந்தான் மனிதனுக்குள் சங்கீதத்தை எழுப்புகின்றனவா? ஆமெனில், பாடுகிறவனுக்கு அதில் என்ன பெருமை? இல்லையெனில், இந்த வாலிபன் ஏன் வறண்டு போனான்?

நம் முன்னோர் ஆமென்றே எண்ணினர் போலும். தொல்காப்பியம் முல்லைக்குக் கார்காலத்தையும் மாலைப் பொழுதையும் வகுத்தது. குறிஞ்சிக்குக் கூதிரையும் நள்ளிரவையும் வகுத்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனி யாழ் உண்டென்றும் கூறிற்று. தேவாரப் பண்களையும் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரித்துப் பாடினர்.

விஞ்ஞானமும் இதை முற்றிலும் மறுக்கவில்லை. பொருள்களைக் காண்பதற்கன்றி, பகலா இரவா என்று மூளைக்கு அறிவிப்பதற்கென்றே நம் கண்ணில் சில உயிரணுக்கள் உண்டு. வட தேசங்களில் குளிர்கால இருளோடு வரும் மனச்சோர்வை 1984-ல் மருத்துவர்கள் ஒரு நோயாகவே விவரித்தனர். நம் திருவள்ளூர்ப் பகுதியிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே. இங்கே பருவத்தை நமக்கு உணர்த்துவன மேகமும், காற்றும், மண்வாசனையுமே.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே மழை ஆயிரம் கூரைகள்மேல் பெய்கிறது. ஆயிரம் வீட்டிலும் பாட்டுப் பிறப்பதில்லை. குஸ்தாவ் மாலர் என்னும் இசைமேதை 1897 முதல் 1907 வரை வியன்னா நகரின் இசைநாடக அரங்கை நடத்தியவர். குளிர்காலமெல்லாம் அவருக்கு அரங்கில் ஓயாத வேலை. கோடை விடுமுறையில் ஏரிக்கரைத் தோப்பிலுள்ள சிறு குடிலில் அமர்ந்து சிம்பொனிகளை எழுதினார். அவற்றைத் தந்தது கோடை வெயிலா? கோடை கொணர்ந்த ஓய்வென்றே நான் எண்ணுகிறேன்.

நம் மார்கழி இசைவிழாவும் அத்தகையதே. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது ஒரு சங்கீத மகாநாடும் நடைபெற்றது. அதன் பலனாக 1928-ல் மியூசிக் அகாடமி தோன்றிற்று. மார்கழிக் குளிர் இதமானதுதான். ஆனால் அந்த மாதத்தைச் சங்கீதத்துக்கென ஒதுக்கியவர்கள் மனிதர்களே.

"நாற்று நடும் பெண்கள் வேலையினூடே பாடவில்லையா? வலை இழுப்போர் பாடவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். பாடினார்கள். ஆனால் அங்கே கையின் வேகமே பாட்டின் தாளம். யந்திரத்தின் வேகம் நம் கையில் இல்லை. அதன் இரைச்சலில் பக்கத்திலிருப்பவன் குரலே கேட்பதில்லை.

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையை நம் மாவட்டத்துத் திருத்தணியில் பாடினார் என்பர். பிற்காலத்தில் எட்டயபுரம் செல்லும் வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு மனமிரங்கி, அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாடினார் என்றும், மழை பொழிந்தது என்றும் மரபு கூறுகிறது. பாட்டால் மழை வந்ததா என்று நான் வாதிடப் போவதில்லை. வெடித்த நிலத்தைக் கண்டு நிற்க அவருக்கு நேரமும் இருந்தது, நெஞ்சும் இருந்தது. அதுவே நமக்குப் போதும்.

ஆகவே, பருவம் கதவைத் தட்டுகிறது. பாட்டை இயற்றுகிறவன் மனிதனே. ஆனால் தட்டும் ஓசை கேட்க அவன் விழித்திருக்க வேண்டும், ஓய்ந்திருக்கவும் வேண்டும். இரவெல்லாம் குழல்விளக்கின் கீழ் நின்று, பகலெல்லாம் தூங்குகிறவனுக்கு மழையுமில்லை, அந்தியுமில்லை. அது அவனுடைய சோம்பலன்று. அவன் சம்பாத்தியத்தில் உண்ணும் நாம் அவனுக்குக் கொஞ்சம் ஆகாயத்தைக் கடன்பட்டிருக்கிறோம்.

இரவு வேலைக்காரர் உள்ள வீட்டாரே, பகலில் அவர் தூங்கும் அறையை இருட்டாகவும் அமைதியாகவும் வைத்திருங்கள். பொழுது சாயுமுன் எழுப்பித் திண்ணையில் உட்காரவிடுங்கள். கடைக்கும் ரேஷனுக்கும் அலையும் வேலையையெல்லாம் அவருடைய ஒரே விடுமுறை நாளின்மேல் சுமத்தாதீர்கள். ஆலைகளில் மேற்பார்வை செய்வோரே, இடைவேளையில் அவர்கள் வெளி முற்றத்துக்கு வந்துபோக வழிவிடுங்கள். ஏழாம் நாளில் ஓய்ந்திருக்கச் சொன்ன கட்டளை வேலையாட்களுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது.

நானும் என் பங்கைச் செய்யவேண்டுமல்லவா? சனிக்கிழமை இரவு நடந்துவந்த பாடற் பயிற்சியை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாற்றினேன்; இடமும் கோவில் தாழ்வாரந்தான். முதல் ஞாயிறன்று அந்த வாலிபன் முன்னதாகவே வந்து, பெட்டியைத் திறக்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெட்டு வந்ததா என்று நான் கேட்கவில்லை.