மூச்சும் வலியும் ஒட்டுநாடாவும்

மார்பெலும்பைப் பிளந்து செய்யும் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளி வலிக்கு அஞ்சி மேலோட்டமாகவே மூச்சிழுப்பதால், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்குகிறது. ஆகவே அங்கு வலியைத் தணிப்பது சுகத்துக்காக அன்று, மூச்சுக்காகவே. அதற்கென இயன்முறை மருத்துவர் சிலர், 1970களில் ஜப்பானியரான கென்சோ காசே உருவாக்கிய, தோலைப் போல் நீண்டு சுருங்கும் பருத்தி ஒட்டுநாடாவைப் பயன்படுத்துகின்றனர்.

வலியை வினைப்பயனாகக் கொண்டு பொறுத்திருப்பதே பக்குவம் என்னும் எண்ணம், மழையை நம்பியே விதைக்கும் கோவில்பட்டிக் கரிசல் மண்ணில் எளிதில் வேரூன்றக்கூடியது. ஆயினும் அதே ஊரில்தான் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பருத்தியை ஆராய்ந்து வருகிறது. வானத்தை நம்புவோரும் விதையைத் தேர்ந்தே விதைக்கின்றனர்; அவ்வாறே வினையை நம்புவோரும் வலியைத் தணிக்க முயலலாம். பூரகம், கும்பகம், இரேசகம், அதாவது மூச்சை இழுத்தல், நிறுத்தல், விடுதல் ஆகியவற்றை விரித்துரைக்கும் திருமந்திரமும், முன்பு உடலைத் தாழ்வாக மதித்தவரே பின்னர் அதை இறைவன் உறைவிடமென உணர்ந்து பேணத் தலைப்பட்டதையே காட்டுகிறது.

நாடாவுக்கான சான்றுகள் பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே. அதன் பயனில் ஒரு பங்கு நம்பிக்கையால் விளைவதாயினும் (நம்பிக்கையும் உடம்பில்தான் வேலை செய்கிறது) அது பொய்யாகிவிடாது. ஆனால் வலிமருந்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் நாடா துணையே, மாற்று அன்று. ஆறாத காயத்தின் மேல் அதை ஒட்டலாகாது.